அளக்க வேண்டியது எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை புதியதன்று. 1954-ஆம் ஆண்டில் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தோன்றி, 1974-ஆம் ஆண்டில் பழைய மனநோய் மருத்துவமனையோடு இணைந்து இன்றைய உருவைப் பெற்றது அது. அதனை நாடிக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய ஊர்களிலிருந்து நம்மவர் வருகின்றனர். அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தோ, மொழிபெயர்க்க உடன் சென்றோ உதவியோர் இந்த அவையிலும் பலர் உளர். அங்ஙனம் வருவோருள் ஒரு சாரார் தீராத நரம்பு-தசை நோயாளர். அவர்களுடைய வாழ்வின் நலத்தை எவ்வாறு அளப்பது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

நரம்பிலோ, நரம்பு தசையைச் சேரும் இடத்திலோ, தசையிலோ ஏற்படும் கேட்டினால் உடல் வலுவிழக்கும் நோய்கள் பல. அவற்றுள் டூஷேன் தசைச் சிதைவு என்பது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குவது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே அதன் காரணம். ஓடியாட வேண்டிய வயதில் பிள்ளை அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழத் தொடைமேல் கையூன்றுவான். சில ஆண்டுகளில் சக்கர நாற்காலியைச் சார்வான். நோயின் வேகத்தைத் தணிக்க மருந்துண்டு. முற்றும் நீக்க வழி இன்னும் கைவரவில்லை.

இத்தகைய நோயில் மருத்துவர் பலவற்றை அளக்கின்றனர். தசையின் வலுவுக்குச் சுழி முதல் ஐந்து வரை எண் தருவர். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்று பார்ப்பர். இவை வேண்டியனவே. ஆயினும், பார்சல் ஆபீசிலுள்ள தராசு மூட்டையின் எடையைக் கூறுமேயன்றி, உள்ளே இருக்கும் பொருள் உடையவனுக்கு எவ்வளவு அருமையானது என்பதைக் கூறாது. நடையின் அளவு வேறு. வாழ்வின் அளவு வேறு.

உலக சுகாதார நிறுவனம் 1948-ஆம் ஆண்டிலேயே, நோயின்மை மட்டும் நலமாகாது. உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையுறுவதே நலம் என்று வகுத்தது. 1991-இல் வாழ்வு நலத்தை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. அதற்கென உலகில் தேர்ந்த 15 நிலையங்களுள் சென்னையும் தில்லியும் இடம்பெற்றமை நாம் மகிழத்தக்க செய்தி. அம்முயற்சியின் பயனாகப் பிறந்த சுருக்கக் கேள்வித்தாளில் 26 கேள்விகள் உள்ளன. வலி, உறக்கம் மட்டுமா? வாழ்வில் பொருளுண்டு என்று எண்ணுகிறீரா? நண்பர்கள் துணை நிற்கின்றனரா? கையில் போதிய பணம் உண்டா? போக்குவரத்து வசதி மனநிறைவு தருகிறதா? இவையும் அங்கே கேட்கப்படுகின்றன. 2007-இல் நரம்பு-தசை நோயாளர்க்கென்றே தனிக் கேள்வித்தாள் ஒன்றும் வெளிவந்தது. ஒரு குறை எவ்வளவு வருத்துகிறது என்பதோடு, அக்குறை தமக்கு எவ்வளவு முக்கியமானது என்பதையும் அது நோயாளரிடமே கேட்கிறது.

விடைகள் நம் எண்ணத்தோடு ஒத்திருக்கின்றனவா? இல்லை. கடும் ஊனமுற்றோரிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்வு நன்றாகவே உள்ளது என்றனர். நம் நாட்டிலும் சான்றுண்டு. தசைச் சிதைவு நோயுற்ற சகோதரியரான மறைந்த வானவன்மாதேவியும் இயலிசை வல்லபியும் சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையை நிறுவி, தம்மைப் போன்றோர்க்குத் தாமே துணையாயினர். நடக்க இயலாதார் பிறரை நடத்தினர்!

ஆனால் ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். நோயாளர் மனநிறைவுடன் இருக்கிறார் என்பதனால் அவருக்கு உதவி வேண்டாம் என்று முடிவு செய்வது பெரும்பிழை. அந்த மனநிறைவு பெரும்பாலும் நல்ல துணையாலும் தக்க வசதியாலும் விளைந்தது. துணையை நீக்கினால் நிறைவும் நீங்கும்.

மற்றொரு குறை நம்மிடமே உள்ளது. மருத்துவர் பிள்ளையைக் கேட்கிறார். விடை சொல்பவர் தந்தை. தாய் கண்ணீர் விடுகிறாள். உடன் சென்ற நாமோ அதையும் சேர்த்துக் கன்னடத்தில் மொழிபெயர்க்கிறோம். பிள்ளை வாய் திறப்பதே இல்லை. பெற்றோர் கூறும் மதிப்பு, பிள்ளை தானே கூறும் மதிப்பினும் தாழ்ந்திருத்தலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. அன்பு பொய் சொல்வதில்லை. ஆனால் தன் துயரத்தைப் பிள்ளையின் துயரமாக எண்ணிவிடுகிறது. வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறும்போது, நோயுற்றவனையே முதலில் நிறுத்தினார். அருகிருந்து உதவுவோனை இறுதியில் வைத்தார். அவ்வரிசையை நாம் மாற்றலாகாது.

ஆகவே அன்பர்களே, மூன்று செயல்களை நம் சங்கம் மேற்கொள்ளலாம். முதலாவது, மொழிபெயர்க்கச் செல்வோர் நோயாளரின் சொல்லையே, கூட்டாமலும் குறைக்காமலும் கூறுதல். இரண்டாவது, உரிமைகளை எடுத்துரைத்தல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவு நோய் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடல் ஊனமுற்றோர்க்கும் உடன் செல்லும் ஒருவர்க்கும் ரயில்வேயில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. அரசு மருத்துவரின் சான்றிதழைப் பெற்றுத் தருதல் வேண்டும். மூன்றாவது, நம் விழா மண்டபத்து வாயிற்படியின் ஓரத்தில் ஒரு சாய்தளம் அமைத்தல்.

தசையின் வலுவை ஏற்றுவது அறிஞர் கையில் உள்ளது. நண்பர் துணை, வெளியே செல்லும் வசதி என்னும் கேள்விகளுக்குரிய எண்ணை ஏற்றுவது நம் கையில் உள்ளது. அடுத்த ஆண்டு விழாவில் அந்தச் சாய்தளத்தின் வழியே ஒரு பிள்ளையேனும் முன்வரிசைக்கு வருதல் வேண்டும். அவனிடம், 'நலமா தம்பி?' என்று கேட்போம். கேட்டபின், அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்போம்.