வேதக்காரர்களிடம் அழகிய முறையில் பேசுவோம்

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியெங்கும் நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் பயில்கின்றனர். இந்தத் தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1623ஆம் ஆண்டிலேயே சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1827இல் இலண்டன் மிஷன் சேலத்தில் தன் பணியைத் தொடங்கியது.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளை, "அத்தா! நாம் பைபிளை நம்புகிறோமா?" என்று கேட்கிறது. நாம் என்ன செய்கிறோம்? "அதையெல்லாம் பேசாதே" என்று அதட்டுகிறோம். அதட்டலால் ஈமான் வளராது. விடை கிடைக்காத கேள்வி பிள்ளையின் நெஞ்சிலேயே தங்கிவிடும். எனவே அடிக்கடி எழும் சில கேள்விகளுக்கான விடைகளை இன்று அறிந்துகொள்வோம்.

பைபிளும் இன்ஜீலும் ஒன்றா?

தவ்ராத், ஸபூர், இன்ஜீல் ஆகியவை அல்லாஹ் அருளிய வேதங்கள் என்று நம்புவது ஈமானின் கடமை. ஆனால் இன்ஜீல் என்பது ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட வேதம். இன்றைய பைபிளோ பல நூல்களின் தொகுப்பு. புரோட்டஸ்டண்டுகளிடம் 66 நூல்களும், கத்தோலிக்கரிடம் 73 நூல்களும் உள்ளன. அதிலுள்ள மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு சுவிசேஷங்களும் ஈஸா (அலை) அவர்களின் வாழ்வையும் போதனையையும் பற்றிப் பிறர் கிரேக்க மொழியில் எழுதியவை. இதைக் கிறிஸ்தவ அறிஞர்களும் மறுப்பதில்லை.

அப்படியானால் பைபிள் முழுவதையும் மறுக்க வேண்டுமா? இல்லை. குர்ஆனுக்கு ஒத்திருப்பதை ஏற்கிறோம், முரண்படுவதை ஏற்பதில்லை. மற்றவற்றில் வேதக்காரர்கள் கூறுவதை உண்மையென்றும் சொல்லாமல், பொய்யென்றும் சொல்லாமல் இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எவ்வளவு நிதானமான வழிகாட்டல்!

பெயர்கள் ஏன் வேறுபடுகின்றன?

பள்ளியில் ஆபிரகாம், மோசே, தாவீது, மரியாள் என்று கேட்ட பிள்ளை, மதரஸாவில் இப்ராஹீம், மூஸா, தாவூத், மர்யம் என்று ஓதுகிறது. இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்று எண்ணிக் குழம்புகிறது. மொழிக்கு மொழி உச்சரிப்பு மாறும் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சீகன்பால்க் பாதிரியார் 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இத்தகைய பெயர்கள் தமிழ் அச்சில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன.

அவர்கள் மூன்று கடவுள்களை வணங்குகிறார்களா?

நம்மில் பலர் அப்படித்தான் சொல்கிறோம். கிறிஸ்தவ அன்பர்களிடம் கேட்டால், "கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறார்" என்பார்கள். இந்தத் திரித்துவக் கொள்கையை நாம் ஏற்பதில்லை. அல்லாஹ் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பதே ஸூரத்துல் இக்லாஸ் கற்பிக்கும் தவ்ஹீத். தந்தையின்றிப் பிறந்ததால் ஈஸா (அலை) இறைமகன் என்றால், தந்தையும் தாயுமின்றிப் படைக்கப்பட்ட ஆதம் (அலை) யார்? இவ்வுவமையைக் குர்ஆனே (3:59) எடுத்துரைக்கிறது. ஆயினும் மறுக்கும்போது, அவர்கள் சொல்வதையே மறுக்க வேண்டும். அவர்கள் சொல்லாததை அவர்கள்மீது சுமத்துவது நீதியாகாது.

சிலுவையைப் பற்றி என்ன சொல்வது?

மனிதகுலத்தின் பாவத்துக்காக ஈஸா (அலை) சிலுவையில் உயிர்நீத்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கையின் மையம். அவர் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்பது குர்ஆன் (4:157, 158) தரும் செய்தி. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார். தவ்பாவின் வாசல் ஒவ்வோர் அடியானுக்கும் நேரடியாகத் திறந்திருக்கிறது. இங்கே இரு நம்பிக்கைகளும் பிரிகின்றன. இதை மறைக்கவும் வேண்டாம். இதற்காகச் சண்டையிடவும் வேண்டாம்.

நஜ்ஜாஷியின் அவையில்...

மக்காவின் கொடுமை தாளாமல் கி.பி. 615 வாக்கில் முஸ்லிம்கள் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம் அடைக்கலம் தேடிச் சென்றனர். ஈஸாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று அவையில் கேட்கப்பட்டது. மன்னருக்குப் பிடிக்காததைச் சொன்னால் அடைக்கலமே பறிபோகலாம். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், கன்னி மர்யமின் மைந்தர் என்று உள்ளதை உள்ளபடி உரைத்தார்கள். உண்மையைக் குறைக்கவுமில்லை, எவரையும் இகழவுமில்லை. மன்னர் அவர்களைக் காப்பாற்றினார். வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிட வேண்டாம் என்ற குர்ஆனின் கட்டளைக்கு (29:46) இதைவிடச் சிறந்த விளக்கம் உண்டா?

அன்பிற்குரியவர்களே! நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையை நினைத்துப் பாருங்கள். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே நோயாளிகளுக்குத் தொண்டு செய்தனர். 1929இல் கணவர் காய்ச்சலில் இறந்தார். மனைவியோ முதுமையிலும் மலைமக்களிடையே உழைத்து 1974இல் மறைந்தார். கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்றார்.

"இவ்வளவு நல்லவர்களின் கொள்கை தவறாகுமா, அத்தா?" என்று பிள்ளை கேட்டால்? நற்செயலை மனமாரப் பாராட்டுங்கள். கொள்கையைச் சான்றுகளைக்கொண்டு விளக்குங்கள். நோயாளியை நலம் விசாரிக்காத அடியானிடம், அவனைச் சந்தித்திருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாயே என்ற கருத்தில் மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதை ஒத்த படிப்பினை மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும் காணப்படுகிறது. அப்படியிருக்க, நம் மஹல்லாவின் நோயாளிகளுக்கு நாம் செய்தது என்ன? நம் பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதைவிட நம் செயலையே அதிகம் பார்க்கின்றனர்.

இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, மர்யம் அத்தியாயத்தைப் பொருளுடன் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். விடை தெரியாவிட்டால், "ஆலிமிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்; கேட்டும் சொல்லுங்கள்.

உண்மையை உறுதியுடன் ஏற்று, அதை அழகுடன் எடுத்துரைக்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.