செரிமானமும் சருமமும்: நோயறியும் வழி
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயிறு வேறு, தோல் வேறு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். ஆயுர்வேத நூலார் அங்ஙனம் எண்ணினாரல்லர். தோல் நோய்களைக் குஷ்டம் என்னும் பொதுப்பெயரில் அடக்கி, பெரியன 7, சிறியன 11, ஆக 18 என்று வகுத்தனர். அவற்றின் காரணங்களைக் கூறப் புகுந்த சரக சம்ஹிதை, தம்முள் முரணான உணவுகளையும், முன்னுண்டது செரியாதிருக்க மேலும் உண்பதையும், வாந்தியின் வேகத்தை அடக்குவதையும் எடுத்துச் சொல்லுகிறது. மீனுண்டபின் பால் அருந்தலாகாதென்று நம் வீட்டுப் பாட்டிமார் அதட்டுவதும் இக்கருத்தோடு ஒத்ததே. ஆயினும் மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு இக்கால ஆராய்ச்சியில் ஆதாரமில்லை என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம்.

மருந்துக்கு முன் நிதானம் வேண்டும். நிதானம் என்றால் பொறுமை என்று மட்டும் கொள்ளற்க. நோயின் காரணத்தைத் தேர்தலுக்கும் அதுவே பெயர். மாதவர் இயற்றிய மாதவ நிதானம் என்னும் நூல் இதற்கென்றே எழுந்தது. காரணம், முற்குறி, வெளிப்பட்ட குறி, எதனால் தணிகிறது என்னும் சோதனை, நோய் உடலில் வளர்ந்த வழி என ஐந்தால் நோயை அறியவேண்டும். இவற்றுள் நான்காவதை நாம் பெரிதும் மதிக்கிறோம். இருவர் வந்து, "வயிறு சரியில்லை" என்கின்றனர். ஒருவருக்கு உண்டபின் வயிறு கனக்கிறது, நாவில் வெண்மாசு படிந்திருக்கிறது, பசியில்லை. சுக்கு வெந்நீர் அருந்தினால் இவருக்குச் சுகமாகிறது. இது மந்தாக்கினி. மற்றவருக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டு. அதே சுக்கு நீர் இவரது எரிச்சலை மிகுவிக்கிறது. இஃது அம்லபித்தம். சொல்லிய சொல் ஒன்றே, நோய் இரண்டு. அண்டை வீட்டாருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்பது எத்துணைப் பேதைமை!

நாடி, சிறுநீர், மலம், நா, குரல், ஸ்பரிசம், விழி, உருவம் என எட்டிடங்களைச் சோதிப்பது ஆயுர்வேத வழக்கு. நம் சித்த மருத்துவரின் எண்வகைத் தேர்வும் ஏறக்குறைய இதுவே. உருவத்தின் இடத்தில் அவர்கள் நிறத்தை வைப்பர். மலத்தைப் பற்றி இரு காலத்து அறிவும் கூடுமிடம் ஒன்றுண்டு. செரியாத ஆமம் கலந்த மலம் நீரில் அமிழும் என்றனர் பழையோர். மிதப்பதெல்லாம் நன்றன்று, எண்ணெய்ப் பசையும் மிகு நாற்றமும் உடையதாய் மிதந்தால் கொழுப்பு உடலில் சேரவில்லை என்பர் இக்கால வைத்தியர். கரிய தார் போன்ற மலமோ, இரத்தமோ, காரணமின்றி உடல் மெலிவோ கண்டால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு காலம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுக.

இனிச் சருமம். நம் கொங்கு நாட்டு உழவர் சிலருக்கு முகம், கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் கடுமையான அரிப்பு உண்டாகி, தோல் தடித்துவிடுகிறது. இரத்தம் கெட்டது, சூடு ஏறியது என்று பேதிக்கு மருந்து தின்கின்றனர். 1950-களில் பூனாப் பக்கம் முதலிற் கவனிக்கப்பட்டு, பின் நாடெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி இதற்குக் காரணமாகலாம். அதன் தூள் காற்றிற் பறந்து தோலிற் படிகிறது. வரப்பில் அச்செடி உண்டா, வெளியூர் சென்றிருந்தபோது அரிப்புத் தணிந்ததா என்று கேளாத வைத்தியர் எவ்வளவு நாடி பார்த்தும் பயனென்ன? சரகர் காலத்தில் இச்செடி இந்நாட்டில் இல்லை. ஆனால் காரணத்தைத் தேடு என்ற அவர் விதி இதற்கும் பொருந்தும்.

படர்தாமரைக்குக் கடையிற் கேட்டு வாங்கும் களிம்புகளிற் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். வைத்தியர் சீட்டின்றி இவற்றை விற்றலாகாதென்று 2018-இல் அரசினர் கட்டுப்படுத்தியும் வழக்கம் ஒழியவில்லை.

எல்லாவற்றினும் நம் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தோலில் வெளிறிய தேமல் கண்டவுடன், சம்பந்தம் தவறிப்போமென்று அதை மூடி மறைக்கின்றனர். வெண்புள்ளி தொற்றுவதன்று, உயிருக்குத் தீங்கு செய்வதுமன்று. ஆனால் தேமலில் உணர்ச்சியற்றிருப்பின் அது தொழுநோயாகலாம். தோல் நோயில் தொடுவுணர்வு மரத்துப்போதலைப் பழைய நூலாரும் குறித்தனர். ஹான்சன் என்னும் நார்வே வைத்தியர் 1873-இல் அதன் கிருமியைக் கண்டார். கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ உண்டால் குணமாகும்; அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மறைத்த காலத்தில்தான் நரம்பு கெட்டு விரல் மடங்குகிறது. மடங்கிய விரலை எந்த வரனிடம் மறைப்பது? வரன் பார்க்க வருவோரும் பெண்ணின் தோலை ஆராய்வதை விட்டுக் குணத்தை விசாரிக்கலாகாதா?

ஆரிய வைத்தியர் பி. வி. ராம வாரியர் 1943-இல் ஆர்ய வைத்ய பார்மஸியை நிறுவிய நாள் தொட்டுக் கோயம்புத்தூர் ஆயுர்வேதத்துக்குப் பேர்போன ஊர்; கற்ற வைத்தியருக்கு இங்குக் குறைவில்லை. அவர்களிடம் செல்லுங்கால் ஒரு துண்டுக் கடிதத்தில் இவற்றை எழுதிச் செல்லுக: எப்போது தொடங்கிற்று, எதை உண்டால் மிகுகிறது, எதனால் தணிகிறது, மலம் எவ்வாறுளது, தேமலை இறகால் தடவினால் தெரிகிறதா, இதுவரை பூசிய களிம்பின் பெயர் யாது. பழைய களிம்புக் குழாயையும் கையோடு கொண்டுபோதல் நலம்.