ஆட்டம் காணும் செனட்டர்கள் கரையேறுவார்களா?

(இஷாவுக்குப் பின் நடைபெற்ற இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சென்ற வாரம் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஹஜ்ரத், அமெரிக்காவுல செனட்டர்னு சொல்றாங்களே, அந்தப் பதவியில இருக்கிறவங்களை மக்கள் நினைச்சா வீட்டுக்கு அனுப்ப முடியுமா? இல்லே, பணமும் பதவியும் இருக்கிறவங்க எப்படியும் ஜெயிச்சிருவாங்களா?"

அன்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இது அமெரிக்காவைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, சிறுபான்மையாய் வாழும் ஒவ்வொரு சமுதாயமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆகவே இன்று அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

செனட் என்றால் என்ன?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். பெரியதோ சிறியதோ, மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 செனட்டர்கள். பதவிக்காலம் 6 ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மக்களிடம் திரும்பி வந்து நிற்க வேண்டும். நீதிபதிகளை, தூதர்களை, அமைச்சர்களை ஜனாதிபதி நியமித்தால் செனட் ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கும் அதே கதைதான். 1981-ல் சவூதி அரேபியாவுக்கு 5 அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களை விற்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, செனட்டில் 52-க்கு 48 என்ற கணக்கில்தான் அந்த விற்பனை தப்பிப் பிழைத்தது. மூன்று பேர் இடம் மாறியிருந்தால் போதும், முடிவே வேறாகியிருக்கும். ஒரு செனட்டரின் நாற்காலிக்கு எவ்வளவு விலை என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண காலங்களில் பதவியில் இருப்பவரை அசைப்பது கடினம். பெயர் தெரியும், பணம் திரளும், ஆறு ஆண்டுகள் செய்த வேலை கையில் இருக்கும். 2022-ல் பொதுத்தேர்தலைச் சந்தித்த செனட்டர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. ஆனால் 1980-ல் ரீகன் அலை அடித்தபோது, ஜனநாயகக் கட்சியின் 9 செனட்டர்கள் பொதுத்தேர்தலில் மண்ணைக் கவ்வினார்கள். ஆகவே பதவி ஒரு கோட்டைதான், ஆனால் அந்தக் கோட்டைச் சுவரும் இடிந்திருக்கிறது. எப்போது இடிகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஒரு வியாபாரியின் கதை

இல்லினாய் மாநிலத்தில் சார்லஸ் பெர்சி என்று ஒருவர். வணிகச் சகோதரர்கள் காது கொடுத்துக் கேளுங்கள், அவரும் உங்களைப் போலத் தொழில் உலகிலிருந்து வந்தவர்தான். கேமரா தயாரிக்கும் பெல் அண்ட் ஹோவெல் கம்பெனியின் தலைவராக இருந்தவர். 1966-ல், மூன்று முறை செனட்டராக இருந்த பால் டக்ளஸைத் தோற்கடித்து உள்ளே போனார். 1972-ல் அமோக வெற்றி பெற்றார். 1978-ல் நாற்காலி ஆடியது. பெயரே தெரியாத ஒரு போட்டியாளரிடம் தோற்கப் போகிறார் என்று கருத்துக் கணிப்புகள் கூறின. பெர்சி என்ன செய்தார்? கடைசி நாட்களில் தொலைக்காட்சியில் தோன்றி, உங்கள் கோபம் எனக்குப் புரிந்துவிட்டது, நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது என்ற பொருளில் மக்களிடம் நேரடியாகப் பேசினார். பிழையை ஒப்புக்கொண்டார், பிழைத்தார்.

கடையில் சரக்கு சரியில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வந்தால், "என் சரக்கா இது?" என்று சண்டை போடுகிறவன் ஒரு ரகம். "தப்பு என்னுடையதுதான், மாற்றித் தருகிறேன்" என்கிறவன் இன்னொரு ரகம். யாருடைய கடை நிலைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1981-ல் பெர்சி செனட்டின் வெளியுறவுக் குழுவுக்குத் தலைவரானார். அவாக்ஸ் விற்பனையை ஆதரித்தார். பாலஸ்தீனப் பிரச்சினையில் இஸ்ரேல் ஆதரவு அமைப்புகளுக்குப் பிடிக்காத கருத்துகளைச் சொன்னார். 1984 தேர்தல் வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ஒரே ஒரு தொழிலதிபர், இவரைப் பச்சோந்தி என்று சாடும் விளம்பரங்கள் உட்பட, 10 லட்சம் டாலருக்கு மேல் இவருக்கு எதிராகச் செலவிட்டார். அதே ஆண்டு இவருடைய கட்சியின் ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். இல்லினாயையும் வென்றார். ஆனால் அதே இல்லினாயில் பெர்சி சுமார் 89,000 வாக்குகளில் பால் சைமனிடம் தோற்றார்! அலை சாதகமாக இருந்தும் படகு கவிழ்ந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் சிலர், "பார்த்தீர்களா, யூதர்களின் சதி!" என்று பெருமூச்சு விடுவார்கள். சகோதரர்களே, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்வது அநீதி, அதைவிட மேலாக அது சோம்பேறித்தனம். பெர்சி தோற்றதற்கு உள்ளூர்க் காரணங்களும் இருந்தன. தன் கட்சிக்குள்ளேயே வலதுசாரிகளை இழந்திருந்தார். தெற்கு இல்லினாயில் சைமனுக்குச் சொந்தச் செல்வாக்கு இருந்தது. மீதிப் பங்கு, ஒரு சிறுபான்மையின் அமைப்புகள் சட்டத்துக்கு உட்பட்டு, பகிரங்கமாக, வீடு வீடாகச் செய்த வேலை. அவர்கள் சிறுபான்மைதான், ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும் சிறுபான்மை அல்ல. அவர்களுடைய கொள்கையை எதிர்ப்போம். ஆனால் உழைப்பைச் சதி என்று பெயர் சூட்டிவிட்டு நாம் போர்வையைப் போர்த்திக்கொண்டால், நட்டம் யாருக்கு? அரபு அமெரிக்கர்களே அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1985-ல், அரபு அமெரிக்கக் கழகம் என்ற அரசியல் அமைப்பு தோன்றியது.

ஒரு சொல் கொன்றது

2006-ல் விர்ஜீனியாவின் ஜார்ஜ் ஆலன். முன்னாள் கவர்னர், செனட்டர். அடுத்த ஜனாதிபதி வேட்பாளர் என்று பேசப்பட்டவர். வருடத் தொடக்கத்தில் அவர் தோற்பார் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு கூட்டத்தில், எதிர்க்கட்சிக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரைக் கைகாட்டி, குரங்கினத்தைக் குறிக்கும் 'மக்காக்கா' என்ற சொல்லால் அழைத்தார். அமெரிக்காவுக்கு அவரை வரவேற்பதாகவும் கேலி பேசினார். அந்த இளைஞரோ விர்ஜீனியாவிலேயே பிறந்தவர். ஆலன்தான் கலிஃபோர்னியாவில் பிறந்து அங்கே வந்து சேர்ந்தவர்!

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நாடே பார்த்தது. நவம்பரில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான தேர்தலில் 9,329 வாக்குகளில் ஆலன் தோற்றார். அந்த ஒரு தோல்வியோடு செனட் சபையே 51-49 என்று கை மாறியது. பள்ளிவாசல்களும் ஆசியக் குடும்பங்களும் நிறைந்த வடக்கு விர்ஜீனியா அவருக்கு எதிராக நின்றது. இளைஞர்களே, அந்தத் தம்பி கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. கேமராவை நிதானமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆத்திரம் வரும் நேரத்தில் ஆதாரம் சேர்த்தார். இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பிப் பிழைத்தவர்கள்

தோற்றவர்களை மட்டும் பார்த்தால் போதாது. 2002-ல் தெற்கு டகோட்டாவில் டிம் ஜான்சன். தேர்தல் இரவு முழுவதும் பின்தங்கியிருந்தார். விடியும் வேளையில் பைன் ரிட்ஜ் என்ற பகுதியின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டன. அங்கே வாழ்பவர்கள் லக்கோட்டா என்னும் பூர்வகுடி மக்கள். நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் அது ஒன்று. அம்மாநிலத்தில் பூர்வகுடிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தேர்தலுக்கு முன்பே ஊர் ஊராகப் போய்ப் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தார்கள். ஜான்சன் 524 வாக்குகளில் வென்றார். 524! நம் தெருவில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும் கூட்டம் அது!

ஆனால் ஒரு முறை வென்றால் போதும் என்று நினைக்காதீர்கள். அன்று தோற்ற ஜான் தூன் 2004-ல் மறுபடி வந்து, அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டரும் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவருமான டாம் டாஷலை 4,508 வாக்குகளில் வீழ்த்தினார்.

2010-ல் அலாஸ்காவின் லிசா முர்க்கோவ்ஸ்கி. சொந்தக் கட்சியின் முன்தேர்தலிலேயே தோற்றுவிட்டார். வாக்குச்சீட்டில் பெயரே இல்லை. வாக்காளர் தன் கையால் அவருடைய பெயரை எழுத வேண்டும், அதுவும் அந்த நீளமான பெயரை! எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று பெயர் அச்சடித்த கைப்பட்டைகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். அங்கும் பூர்வகுடி மக்களின் அமைப்புகள் அவருக்குப் பின்னால் திரண்டன. எதிரி வேட்பாளர் எழுத்துப் பிழைகளைக் காட்டி நீதிமன்றம் போனார். வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும் என்று தீர்ப்பாயிற்று. 1954-க்குப் பிறகு இப்படி வென்ற முதல் செனட்டர் அவர்தான்.

அதே ஆண்டு நெவாடாவில் ஹாரி ரீட். மாநிலத்தில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கருத்துக் கணிப்புகள் அவரைக் கைவிட்டுவிட்டன. லாஸ் வேகாஸ் ஹோட்டல்களில் சமைப்பவர்களும் அறை துடைப்பவர்களும் சேர்ந்த தொழிற்சங்கம் கைவிடவில்லை. கதவு கதவாகத் தட்டினார்கள். ரீட் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்.

எல்லை எங்கே?

நியாயமாகப் பேச வேண்டும். உழைத்தால் எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொன்னால் அது பொய். 2024-ஐப் பாருங்கள். மொன்டானாவில் ஜான் டெஸ்டர், தன் கட்சியின் கமலா ஹாரிஸைவிட 7 சதவீதம் அதிகம் வாங்கினார். இருந்தும் தோற்றார். அலை அவ்வளவு உயரம். ஒஹாயோவில் ஷெராட் பிரவுனுக்கும் இதே கதிதான். 2026-ல் மறுபடி களம் காண்பதாக 2025 ஆகஸ்டில் அவர் அறிவித்தார். பென்சில்வேனியாவில் மூன்று முறை வென்ற பாப் கேசி, சுமார் 70 லட்சம் வாக்குகளில் ஏறத்தாழ 15,000 வாக்குகளில் கவிழ்ந்தார். ஆனால் டிரம்ப் வென்ற அதே விஸ்கான்சினில் டாமி பால்ட்வினும், அதே நெவாடாவில் ஜாக்கி ரோசனும் ஒரு சதவீதம், இரண்டு சதவீதத்துக்குள் தப்பினார்கள்.

ஆக, அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான். ஆட்டம் காணும் செனட்டர் கரையேற மூன்று வேண்டும். ஒன்று, அலை தலைக்கு மேல் போயிருக்கக் கூடாது. இரண்டு, தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் நாணயமும், நாவை அடக்கும் பக்குவமும் வேண்டும். மூன்று, கடைசி ஓரிரு சதவீதத்தை அள்ளித் தரும் ஒரு கட்டுக்கோப்பான கூட்டம் வேண்டும். முதலாவது யார் கையிலும் இல்லை. இரண்டாவது அவர் கையில். மூன்றாவது மக்கள் கையில். 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் ஜான் ஆசாஃப் ஏறத்தாழ 55,000 வாக்குகளில் வென்ற இருக்கை 2026-ல் மக்கள் முன் வருகிறது. அங்கும் இந்த மூன்றும்தான் உரைகல்.

நம் பேரேட்டைப் புரட்டுவோம்

ஒரு வெட்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஊர்க் கோரிக்கை ஒன்றுக்காக நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஒரு வேட்பாளரைப் பார்க்கப் போனேன். நீண்ட நேரம் முழங்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், இதுல எத்தனை பேருக்கு லிஸ்ட்ல பேர் இருக்கு?" திரும்பிப் பார்த்தேன். கை தூக்கியவர்கள் பாதிக்கும் குறைவு. அவர் தேநீர் தந்து மரியாதையாக அனுப்பிவைத்தார். அந்தத் தேநீரின் கசப்பு இன்னும் என் நாவில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் வீட்டுக் கணக்கையே நான் பார்க்காமல் போயிருந்தேன்.

வணிகப் பெருமக்களே! வருடா வருடம் ஐந்தொகை போடுகிறீர்கள். வரவு எது, நிலுவை எது, வாராக்கடன் எது என்று வரிக்கு வரி பார்க்கிறீர்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர் அவரவர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டதுண்டா? வாக்களிக்கும் நாளில் கடையை மூடி அவர்களை ஊருக்கு அனுப்புகிறீர்களா?

இளைஞர்களே! 524 வாக்குகளில் ஒரு செனட்டர் பிழைத்தார். உங்கள் தெருவில் விடுபட்ட பெயர்கள் எத்தனை? மணமாகி வந்த பெண்களின் பெயர் சேர்ந்ததா? இறந்தவரின் பெயர் நீக்கப்பட்டதா? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைத்தவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படித் திருத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். பட்டியல்தான் நம் ஒட்டகத்தின் கயிறு.

ஒரு கட்சிக்கும் நாம் அடிமையல்ல, எவருக்கும் பகையுமல்ல. கேட்பதைத் தேர்தலுக்கு முன் கேட்போம். செய்தவரை நினைவில் வைப்போம். செய்யாதவரிடம் மரியாதையோடு கணக்குக் கேட்போம். அடுத்த முறை நாற்பது பேரோடு போகும்போது நாற்பது கைகளும் உயர வேண்டும்.

அதற்கான முயற்சியை நம்மிடமிருந்து தொடங்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.