கைகளில் பிறந்த மொழி



காது கேளாத குழந்தையைக் கூசாமல் 'ஊமை' என்கிறோம். அதற்குச் சொல்ல எதுவுமில்லை என்பது நம் நினைப்பு. அது எத்தனை பெரிய பிசகு என்பதை நிகராகுவாவின் பிள்ளைகள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

அத்தேசத்தில் முன்பெல்லாம் காது கேளாதவர்கள் அவரவர் வீட்டில் தனித்தனியே முடங்கிக் கிடந்தனர். சோறு, தண்ணீர், தூக்கம் என்று வீட்டாரோடு சில ஜாடைகள்; அவ்வளவே. 1977-ல் தலைநகர் மனாகுவாவில் ஒரு விசேஷப் பள்ளி ஏற்பட்டது. 1979-ல் சொமோசா சர்வாதிகாரம் வீழ்ந்தது. புரட்சி சர்க்கார் இப்பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பள்ளிக்குக் கொண்டு வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கேயும் போதனை முறை பழையதுதான். 1880-ல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, சைகையை ஒதுக்கி வாய்ப்பேச்சிலேயே கற்பிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. தீர்மானித்தவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்கிறவர்கள்! அதே வழியில், உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிய பாஷை கற்றுக்கொள் என்றார்கள் மனாகுவா உபாத்தியாயர்களும். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை.

ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளி பஸ்ஸிலும் நடந்தது வேறு. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாடைகளைப் பிள்ளைகள் பொதுவில் வைத்தார்கள். சில வருஷங்களில் அது ஒரு மொழியாகத் திரண்டது. உபாத்தியாயர்களுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. 1986-ல் கல்வி இலாகா ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞரை வரவழைத்தது.

பின்னால் வந்த சிறுவர்கள் அம்மொழியை மூத்தவர்களைவிடச் செறிவாக்கினர். எவர் எவருக்கு என்ன செய்தார் என்பதைக் கை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டே காட்டினர். வயது வந்தபின் சேர்ந்தவர்களுக்கோ அந்தச் சரளம் கைகூடவில்லை. நாற்றங்காலுக்கு விட வேண்டிய தண்ணீரை அறுப்புக்குப் பிறகு விட்டு என்ன பயன்?

சைகை பழகினால் படிப்பு வராதென்று பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. மனதில் ஒரு மொழி ஊன்றிய குழந்தைக்குத்தான் ஏட்டில் உள்ள இன்னொரு மொழி பிடிபடும். ஒன்றுமே ஊன்றாத குழந்தை எதைப் பற்றிக்கொண்டு எழுத்தை ஏறும்?

2009-ல் நிகராகுவா தன் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. மிலான் தீர்மானத்தை, அதன் வழிவந்த சர்வதேச மாநாடே 2010-ல் வான்கூவரில் நிராகரித்தது. 130 வருஷம் கழித்து!

ஆகவே நாம் கேட்பது இவைதான்: இக்குழந்தைகள் சிறுவயதிலேயே ஒன்றுகூட இடம், சைகை அறிந்த உபாத்தியாயர், அவர்களில் காது கேளாதவர்களுக்கும் உத்தியோகம், சைகை பழகப் பெற்றோருக்கு மாலை வகுப்பு.