கேமரா கை மாறியது



மும்பையில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அந்தச் சந்துகளைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து பலர் வருவார்கள். படத்தில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்ப்பது அபூர்வம்.

ஒருமுறை கேமரா கை மாறியது. 'சினேகா' என்ற தொண்டு நிறுவனம் தாராவி மக்களுக்குக் கலைப் பயிற்சி நடத்தியது. சிலர் களிமண்ணில் செய்தார்கள். சிலர் துணியில் தைத்தார்கள். சிலர் போட்டோ எடுக்கக் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர் சுதாரக் ஓல்வே. மும்பைத் துப்புரவுத் தொழிலாளர்களின் பாடுகளைப் படமாக எடுத்தவர் அவர். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குறுகிய சந்தில் பகலிலும் வெளிச்சம் குறைவு. அப்போது கேமராவின் கண் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை ஆடினால் படம் கலங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அக்காவைப் படம் எடுத்தால், மறுநாளும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு அந்தக் கவலை ஏது?

2012-இல் கண்காட்சி நடந்தது. பெயர் 'தேக்கா அன்தேக்கா'. கண்டது, காணாதது என்று பொருள். பெரிய கலைக்கூடத்தில் அல்ல. தாராவியிலேயே, சோட்டா சயான் ஆஸ்பத்திரியில் நடந்தது. மருந்து வாங்க வருகிறவர்களும் நின்று பார்க்கலாம். சுவரில் இருந்தவை அக்கம்பக்கத்தார் எடுத்த படங்கள்.