கடைமடைக்கு வந்து சேரும் குவார்க்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அணுக்கரு மோதலில் கனத்த குவார்க்குகளின் ஆற்றல் இழப்பு" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். அதைப் படித்த நண்பர் ஒருவர், "ஏம்ப்பா, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு பேச ஆளைக் காணோம், குவார்க்கு எதையோ இழந்துடுச்சுன்னு பேச வந்துட்டியே" என்றார். எனக்கு அவர் நல்ல உதாரணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டும் ஏறத்தாழ ஒரே கணக்குத்தான்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தலைமடையில் விட்ட தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வராது. மணல் பாங்கான வாய்க்கால் அதிகம் குடிக்கும். களிமண் வாய்க்கால் குறைவாகக் குடிக்கும். தலையில் இவ்வளவு, கடையில் இவ்வளவு என்று அளந்தால், நடுவில் உள்ள மண் எப்படிப்பட்டது என்று தோண்டாமலே சொல்லிவிடலாம். பௌதிக விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான்.

அவர்கள் அறிய விரும்பும் "மண்" எது? பிரபஞ்சம் பிறந்த முதல் சில மைக்ரோ வினாடிகளில் புரோட்டானும் இல்லை, நியூட்ரானும் இல்லை. அவற்றின் உள்ளே அடைபட்டுக் கிடக்கும் குவார்க்குகளும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் அப்போது விடுதலையாகக் குழம்பிக் கிடந்தன. இந்தக் குழம்புக்குக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்று பெயர். இது உண்டாக ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். சூரியனின் மையத்திலேயே சுமார் 1.5 கோடி டிகிரிதான்.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் கூடத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து தங்க அணுக்கருக்களை மோதவிட்டு இதை உண்டாக்கினார்கள். ஜெனிவா அருகே செர்ன் கூடத்தின் பெரும் மோதுவளையத்தில் 2010-லிருந்து ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறார்கள். ஆனால் குழம்பு நிலைப்பதில்லை. ஒரு வினாடியைக் கோடியால் மூன்று முறை வகுத்து, வந்ததை நூறால் வகுத்தால் எவ்வளவோ, அதைப் போலச் சில மடங்கு நேரந்தான் அதன் ஆயுள். எந்த வெப்பமானியை உள்ளே விடுவது? அந்த மோதலிலேயே பிறந்து, குழம்பைக் கடந்து, வெளியே வந்து சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்தச் சாட்சிதான் கனத்த குவார்க். சார்ம், பாட்டம் என்று இரண்டு. 1974-லும் 1977-லும் இவை கண்டுபிடிக்கப்பட்டன. சார்ம் குவார்க் ஒரு முழுப் புரோட்டானைவிடச் சற்றுக் கனம். பாட்டம் புரோட்டானைப்போல் சுமார் நாலரை மடங்கு. இவ்வளவு கனமானவை மோதலின் முதல் கணத்திலேதான் பிறக்க முடியும். பிறகு குழம்பின் வெப்பத்தில் புதிதாக முளைப்பது அரிது, அழிவதும் அரிது. ஆகவே குழம்பு பிறந்தது முதல் ஆறியது வரை முழுக் கதையையும் பார்த்த சாட்சி இவை.

இனி அளப்பது எப்படி? இரண்டே புரோட்டான்கள் மோதும்போது நடுவில் பெரிய குழம்பு கிடையாது. அதைச் சிமெண்டு பூசிய வாய்க்கால் என்று வையுங்கள். அதில் வேகமான சார்ம் எத்தனை வருகிறது என்று எண்ணுகிறார்கள். ஈய மோதலில் இப்படி எத்தனை தனி மோதல்கள் அடங்கும் என்று கணக்கிட்டுப் பெருக்கி, உண்மையில் வந்ததோடு ஒப்பிடுகிறார்கள். செர்னில் உள்ள ஆலிஸ் குழு 2012-ல் வெளியிட்ட முடிவின்படி, நேருக்கு நேரான மோதல்களில் வேகமிக்க சார்ம் துகள்கள் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் வந்தன. இங்கே நம் உவமை கொஞ்சம் நொண்டும். சார்ம் காணாமல் போகவில்லை. வேகத்தை இழந்து, மெதுவானவற்றின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

எப்படி இழந்தது என்பதில்தான் சுவாரசியமான சண்டை. மற்றத் துகள்கள் மீது முட்டி மோதி இழக்கலாம் என்று பியார்க்கன் 1982-ல் கணக்குப் போட்டார். உலுக்கல் படும்போது குளுவான்களை உதறி இழப்பதே பெரிது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அப்படியானால் கனத்த குவார்க் குறைவாகத்தானே இழக்க வேண்டும்? கனமான துகள், தான் போகும் திசையை ஒட்டிய ஒரு கூம்புக்குள் குளுவானை உதற முடியாது. அதற்கு "செத்த கூம்பு" என்று பெயர். கோணம், நிறையை ஆற்றலால் வகுத்த அளவு. புரோட்டான் நிறையைப்போல் பத்து மடங்கு ஆற்றல் உள்ள சார்முக்குச் சுமார் 8 டிகிரி; அதே ஆற்றலில் பாட்டத்துக்குச் சுமார் 25 டிகிரி. 1991-ல் தோக்ஷிட்சரும் தோழர்களும் சொன்ன இந்தக் கருத்தை, 2001-ல் அவரும் கார்சீவும் பிளாஸ்மாவுக்குப் பொருத்தினார்கள்.

அழகான தத்துவம்! ஆனால் புரூக்ஹேவனில் 2006, 2007 வாக்கில் அளந்து பார்த்தால், கனத்த குவார்க்குகளும் ஏறக்குறைய லேசானவை மாதிரியே இழந்திருந்தன. எல்லோரும் திகைத்தார்கள். இந்த இடத்தில் நம் நாட்டுக் கை ஒன்று உண்டு. கொல்கத்தா சாஹா நிலையத்தின் முன்ஷி கோலம் முஸ்தஃபா, முட்டி மோதி இழப்பதும் உதறி இழப்பதற்குச் சளைத்ததல்ல, ஒதுக்கக் கூடாது என்று 2005-லேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும் என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு செர்னில் சார்மையும் பாட்டத்தையும் பிரித்துப் பார்த்தபோது, பாட்டம் குறைவாகவே இழந்தது தெரிந்தது. செத்த கூம்பையே நேரடியாகக் கண்டதாக, புரோட்டான் மோதல்களிலிருந்து, ஆலிஸ் குழு 2022-ல் அறிவித்தது. தத்துவம் பொய்யில்லை, அது பாதிக் கதை. மீதிப் பாதியை அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. மெதுவான சார்ம், புதுவெள்ளத்தில் கட்டை இழுபடுவது போல, குழம்பின் ஓட்டத்தோடு இழுபட்டுப் போகிறது. அப்படியென்றால் அந்தக் குழம்பு வாயு மாதிரி அல்ல, நல்ல திரவம் மாதிரி ஓடுகிறது.

"இதனால் ஒரு மூட்டை நெல் கூடுமா?" என்று கேட்பீர்கள். கூடாது. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இதைச் செய்யப் பழகியவர்கள் எதைச் செய்யவும் பழகியவர்கள். ஆலிஸின் மியூவான் கருவிக்கான "மானஸ்" மின்னணுச் சில்லைச் சாஹா நிலையம் வடிவமைத்தது, சண்டிகரை அடுத்த மொகாலியில் செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. சி.எம்.எஸ். குழுவில் இருக்கிறது. 2017-ல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. அங்கே வளாகத்தில் நிற்கும் நடராசர் சிலை, 2004-ல் நம் அரசு கொடுத்தது. சோழ நாட்டு வார்ப்புக் கலையில் பிறந்த உருவம் அங்கே போய்விட்டது. நம் பிள்ளைகளும் போக வேண்டாமா?

"பி.எஸ்சி. பௌதிகம் படிச்சு என்ன பண்றது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதற்கு வாய்ப்பேச்சு பதிலாகாது. செர்ன் தன் அளவீடுகளில் ஒரு பகுதியை 2014 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், இந்தத் தஞ்சாவூரில் உட்கார்ந்தே ஒரு மாணவி அந்த மோதல்களை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. பௌதிகத் துறைக்கு நாலைந்து நல்ல கணினிகள் வாங்கித் தாருங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாதம் ஒருநாள் வந்து, பிள்ளைகளுடன் உட்கார்ந்து, தமிழிலேயே பேசி, கணக்குப் போடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக ஒரு நல்ல மூளை திரும்பிப் போய்விடக் கூடாது. தலைமடையில் இருக்கும் அறிவு கடைமடைப் பிள்ளை வரை வந்து சேர வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.