கிரின் தீவு எங்கே இருக்கிறது?

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கோலாட்டத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு பின்னால் பிள்ளைகள் வியர்வையில் நிற்கிறார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வாத்தியார் என்றால் பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மை போடுகிறவர். இன்றைக்கு என் மேலேயே சிவப்பு மை போட்டுக்கொள்ள வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள், மார்க் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி நூலக அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, “சார், இந்தக் கிரின் தீவு நெசமாவே இருக்கா?” என்று கேட்டாள். நான் தலையை நிமிர்த்தாமலே, “அதெல்லாம் கட்டுக்கதைம்மா, போய்க் கணக்கப் போடு” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த நாளுக்குப் பிறகு ஆண்டு முடியும்வரை அவள் பெயர் அதில் இல்லை.

எனக்கு ஏன் உறுத்தியது என்றால், அதே புத்தகத்தை அவள் வயதில் நானும் படித்தவன். என் தாயார் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். பங்களாவில் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பெட்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தத் தீவுக்கு ஒருநாள் போகலாம் என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்போது போனது என்று தெரியவில்லை.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எனிட் பிளைட்டன் என்ற அம்மையார். 1897இல் லண்டனில் பிறந்தார், 1968இல் காலமானார். சுமார் 700 புத்தகம் எழுதினார். நம்மைப் போல அவரும் ஒரு வாத்தியார்தான்! 1916 முதல் 1918 வரை இப்ஸ்விச் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சி பெற்று, பள்ளியில் ஓராண்டு பாடம் சொல்லிக்கொடுத்து, பிறகு ஒரு வீட்டில் நான்கு சகோதரர்களுக்கு ஆசிரியையாக இருந்தார். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பதை வகுப்பறையில்தான் அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1942இல் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையில் முதல் புத்தகம் வந்தது. 1963 வரை மொத்தம் 21. ஜூலியன், டிக், ஆன், ஜார்ஜ் என்று நான்கு பிள்ளைகள். ஐந்தாவது ஆள் டிம்மி என்ற நாய். ஜார்ஜ் ஆண்பிள்ளை இல்லை, ஜார்ஜினா என்ற பெண். பெண் என்றால் வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டுமா என்று முறைக்கிற பெண். அவளுக்குச் சொந்தமாக ஒரு தீவு, தீவின் மேல் இடிந்த கோட்டை. அதுதான் கிரின் தீவு.

இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் என்றொரு மாவட்டம் உண்டு. பிளைட்டன் முதன்முதலாக 1931இல் அங்கே போனார். மனதுக்குப் பிடித்துப்போய், பின்னர் ஸ்வானேஜ் என்ற கடற்கரை ஊருக்குப் பல ஆண்டுகள் விடுமுறைக்குப் போய்வந்தார். அங்கிருந்து சில மைல் உள்ளே போனால் கோர்ஃப் என்ற கிராமம். கிராமத்தின் தலைக்கு மேலே ஒரு குன்று. குன்றின் உச்சியில், பல் போன கிழவன் வாயைப் போல, இடிந்து கிடக்கும் கோட்டை. கிரின் கோட்டைக்கு மூலம் இதுதான் என்று அவர் வாசகர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

அந்தக் கோட்டை எப்படி இடிந்தது தெரியுமா? இதைப் பெண்பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1643இல் பாராளுமன்றப் படை கோர்ஃப் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைத் தலைவன் ஊரில் இல்லை. அவன் மனைவி மேரி பேங்க்ஸ் அம்மையார்தான் உள்ளே இருந்தார். தம் பெண்மக்களையும் பணிப்பெண்களையும் ஒருசில வீரர்களையும் வைத்துக்கொண்டு, ஏணியில் ஏறி வந்தவர்கள் தலையில் கல்லையும் நெருப்புத் தணலையும் கொட்டி விரட்டினார். மூன்று ஆண்டு கழித்து, 1646இல், உள்ளே இருந்தவனே துரோகம் செய்து எதிரியை நுழைய விட்ட பிறகுதான் கோட்டை விழுந்தது. இனி யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். சிதறிக் கிடந்த கல்லை ஊர்மக்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள்! ஜார்ஜைப் போல ஒரு பெண் அந்தக் கோட்டையில் முன்பே இருந்திருக்கிறாள், பார்த்தீர்களா.

ஆனால் கோர்ஃப் கோட்டையைச் சுற்றிக் கடல் கிடையாது. அப்படியானால் தீவு எங்கிருந்து வந்தது? 1924இல் திருமணம் முடிந்து தேனிலவுக்கு ஜெர்சித் தீவுப் பக்கம் போனபோது பார்த்த இடம் என்று சொல்வார்கள். கோட்டை ஓரிடம், கடல் ஓரிடம். நம்ம வீட்டுத் தாய்மார்கள் இருக்கிற காய்களைப் போட்டு ஒரு குழம்பு வைக்கிற மாதிரிதான், அந்த அம்மாள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுவிட்டார்.

இன்னொரு தீவும் இருக்கிறது. பெயர் பிரவுன்சீ. சாரணர் பையன்களே, உங்கள் இயக்கம் பிறந்த இடம் அதுதான்! 1907இல் பேடன் பவல் முதல் சாரணர் முகாமை நடத்தியது அங்கேதான். பின்னாளில் அதை வாங்கிய ஒரு பணக்கார அம்மையார் வெளியாள் யாரும் கால் வைக்கக் கூடாதென்று பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தார். எதிர்க்கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அது மர்மத் தீவு. பிளைட்டன் 1962இல் எழுதிய கதையில் ‘கிசுகிசுக்கும் தீவு’ என்று ஒன்று வருகிறது. அது பிரவுன்சீதான் என்கிறார்கள். 1961இல் அந்த அம்மையார் இறந்தபின், 1963இல் தீவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

‘மேலரி டவர்ஸ்’ கதைகளைப் படித்த பிள்ளைகளுக்குக் கடலோரப் பாறையில் உள்ள நீச்சல் குளம் நினைவிருக்கும். ஸ்வானேஜுக்கு அருகே டான்சிங் லெட்ஜ் என்ற பாறைத் திட்டில் அப்படியொரு குளம் உண்மையாகவே உண்டு. பள்ளிப் பையன்கள் நீந்துவதற்காக வெடி வைத்துக் குடைந்தது. 1960இல் வந்த ‘ஃபினிஸ்டன் பண்ணை’ கதைக்கு மூலமான பண்ணையை அவர் 1956இல் சொந்தமாகவே வாங்கியிருந்தார். ஜார்ஜ் யார் என்றால், அது தாமேதான் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

கோர்ஃபுக்கு ரயில் பாதையும் உண்டு. 1972இல் மூடிவிட்டார்கள். ரயிலை நேசித்த சாதாரண மக்கள் சம்பளமில்லாமல் தண்டவாளம் போட்டு, 1995இல் மறுபடியும் கோர்ஃப் வரை நீராவி ரயிலை ஓடவிட்டார்கள்.

பெற்றோர்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த அம்மாள் எழுதியது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கதையில் முகம் கறுப்பு என்பதால் ஒரு பொம்மையை எல்லாரும் வெறுக்கிறார்கள். மழையில் கறுப்புக் கரைந்து முகம் வெளுத்த பிறகே அதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 1966இலேயே ‘கார்டியன்’ பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார்கள். நம்ம பிள்ளைங்க காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம் என்ன நிறம்? அந்தக் கதைக்கு என் அலமாரியில் இடமில்லை. வேறு கதைகளிலும் அயலான், நாடோடி என்றால் திருடன் என்று வரும். அப்படி வரும் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, “இது சரியா?” என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது படிவம் ஒன்றில் படிக்கிறாள். தன் தம்பி பரிசு வாங்குவதைப் பார்க்க இன்று வந்திருக்கிறாள். கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், பெயர் சொல்லிக் கூச்சப்படுத்த மாட்டேன். அம்மா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: கோட்டை இருக்கிறது, தீவும் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. டோர்செட் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து அந்தப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நீ பள்ளி மாறிவிட்டாலும் இரவல் பதிவேட்டில் உன் பெயரை எழுதத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று. விழா முடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போ.